அண்ணா நகர் என்று அச்சிட்ட கார்டு

1. மூன்று திருத்தங்கள்

ஷாலினி எங்கள் ஏஜென்சிக்கு முதன்முதலாக வந்தது ஒரு திங்கட்கிழமை, காலை 11.20. டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். நான் அப்போது நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடலிங் ஏஜென்சியில் காஸ்டிங் ஒருங்கிணைப்பாளர். மாடல்களுக்குக் கார்டு தயாரிப்பதும், விளம்பரக்காரர்கள் நடத்தும் காஸ்டிங்குக்கு, அதாவது ஆள் தேர்வுக்கு, அவர்களை அழைத்துப் போவதும் என் வேலை.

ஐந்தடி எட்டு அங்குலம். நல்ல கறுப்பு. மேக்கப் இல்லாமல் மொட்டை மாடியில் எடுத்த நான்கு படங்களைப் போனில் காட்டினாள்.

"எர்ணாவூருக்கா. நம்ம வூட்டு மேல தங்கச்சி எடுத்தா. நல்லா கீதா?"

"நல்லா இருக்கு. ஆனா இந்த 'கீது' எல்லாம் இங்க வேண்டாம்மா."

"வேணான்னா வேணாம். நாக்குதான், திருப்பிக்கலாம்" என்று சிரித்தாள்.

கார்டு என்பது நான்கைந்து படம், உயரம், அளவுகள், ஊர். உங்களைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்ப்பார்கள். அவள் கார்டில் நான் மூன்று திருத்தங்கள் செய்தேன். ஸ்டுடியோவில் புதிதாக எடுத்த படங்களில் நிறத்தை வெளுக்கச் சொன்னேன். ஊர் என்ற இடத்தில் அண்ணா நகர் என்று போட்டேன். பத்து நாள் உட்காரவைத்துப் பேச்சை மாற்றினேன்.

வடசென்னையில் துறைமுகம் பக்கம் இருக்கும் எர்ணாவூரைப் போட்டால் கார்டைப் புரட்டவே மாட்டார்கள் என்று அவளிடம் காரணம் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. நானும் அதே வடசென்னைதான், தண்டையார்பேட்டைக்காரி. வேலைக்குச் சேரும்போது படிவத்தில் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் நாத்தனார் முகவரியை எழுதியிருந்தேன். ஆபீசில் எல்லோரும் என்னைக் கீழ்ப்பாக்கம் என்றே நினைத்திருந்தார்கள். நான் பேசிய தமிழும் அதற்குத் தகுந்தாற்போல இருந்தது.

2. "யார் பண்ணது?"

நான்கு காஸ்டிங் போனாள். நான்கிலும் இல்லை என்றார்கள். ஐந்தாவது, பெண் தொழிலாளர்களுக்கான சட்டை, பேன்ட் விளம்பரம். துறைமுகத்தில் படப்பிடிப்பு. காஸ்டிங் ஒரு புதன்கிழமை, 10.30 என்று சொல்லி 11.50க்கு ஆரம்பித்தார்கள்.

"இதான் கடைசிக்கா. இதுவும் இல்லன்னா எண்ணூர்ல பேக்கிங் கம்பெனில சேர்றேன்னு அம்மாவாண்ட சொல்லிட்டேன்" என்றாள் காத்திருந்தபோது.

காமிரா முன் நின்று, கற்றுக்கொடுத்தபடி ஒப்பித்தாள்: "வணக்கம், நான் ஷாலினி. உயரம் ஐந்தடி எட்டு. ஊர் அண்ணா நகர்."

டைரக்டர் ஒரு பெண்மணி. அலுத்துக்கொண்டார். "காலையிலேர்ந்து எல்லாம் அண்ணா நகர், அடையாறு. ஹார்பர் பக்கத்துப் பொண்ணு ஒண்ணுகூடவா கிடைக்கல?"

ஷாலினி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தேன்.

"மேடம், நான் எர்ணாவூருதான்" என்றாள்.

டைரக்டர் கார்டை அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல அண்ணா நகர்னு போட்டிருக்கு. இந்த முகமும் நீ இல்ல. இப்ப சொல்றது நிஜமா, இல்ல நான் கேட்டதால சொல்றியா? யார் பண்ணது இத?"

எங்கள் முதலாளி சுவரோரம் நின்றிருந்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அவங்க கொடுத்த படம், அவங்க கொடுத்த விவரம் மேடம்."

ஷாலினி மறுக்கவில்லை.

"முகம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பொய் சொல்ற பொண்ண வெச்சு நாலு நாள் ஷூட் நடத்த முடியாதும்மா" என்றார் டைரக்டர். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

3. எண்ணூர் பஸ்

வழக்கமாக ஆபீஸ் வாசலில் ஆட்டோவுக்கு நிற்பதுபோல் பாவனை செய்து, ஷாலினி போனபிறகுதான் எண்ணூர் பஸ் பிடிக்கப் பாரிமுனைக்குக் கிளம்புவேன். அன்று அவள் மத்தியானமே வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துச் சாயங்காலம் பஸ்ஸில் ஏறியபோது, மூன்றாவது சீட்டில் அவள் இருந்தாள். இறங்க வழியில்லை. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருக்கா. தண்டையார்பேட்ட வர்றதுக்கு நேரம் கீது."

உட்கார்ந்தேன். "உனக்கு எப்படி..."

"பேச்சு கத்துக்க வந்த மொத நாளே தெரியும். காலைல நான் வர்ற பஸ்லதான் நீ ஏறுவ. கண்டக்டராண்ட சில்லறைக்குச் சண்ட போடுவியே, என்னா பேச்சு அது! ஆபீஸ்ல வேற மாரி பேசிகினு இருந்த. சரி, அக்காவுக்கு ஏதோ பேஜாரு போலன்னு நானும் யாராண்டயும் சொல்லல."

மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கேட்கவில்லை. என் நிறுத்தம் வந்தது. "எறங்குக்கா" என்றாள்.

டைரக்டருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. அதற்குள் படப்பிடிப்பு முடிந்திருந்தது. ஷாலினி பேக்கிங் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். போன் கெட்டுவிட்டது, நான் வாங்கி வைத்திருந்த பழைய படங்களை மட்டும் அனுப்பச் சொல்லி அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அனுப்பினேன். மாடியில் எடுத்த அந்த நான்கையும் மறுபடி பார்த்தேன். டைரக்டர் தேடிய பெண் அவற்றில் அப்படியே நின்றிருந்தாள்.

மாடலாக விரும்பும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். மேக்கப் இல்லாமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். அளவுகளை அரை அங்குலம்கூட மாற்றாதீர்கள். கார்டு அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வரியையும் நீங்களே படியுங்கள். இவையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்கள் நன்மைக்கு என்று சொல்லி ஊர் பெயரை மாற்றுகிறவர் இருந்தால், சாயங்காலம் அவர் எந்த நிறுத்தத்தில் இறங்குகிறார் என்று பாருங்கள்.