காற்றின் பாம்பு

வங்காளத்தில் அழுத்தத்துக்கு ஒரு சொல், பாம்புக்கு ஒரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘சாப்’தான். படிக்கிறவர்கள் குழம்பக் கூடாதென்று அழுத்தத்தை ‘ச்சாப்’ என்றும் பாம்பை ‘ஷாப்’ என்றும் எழுதுகிறேன். எழுதிவிடலாம், சொல்வதுதான் பாடு. என்னுடையது மதுரை நாக்கு. கொஞ்சம் அவசரப்பட்டாலும், கொஞ்சம் சந்தோஷப்பட்டாலும் அது தன் இஷ்டத்துக்குப் போய்விடும்.

வங்காளத்து டாக்குரியாவில் குடியிருந்தபோது பி.எட். படித்தேன். வீட்டுக்காரருக்கு வங்கியில் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கடைத்தெருவில் பேசிப் பேசியே வங்காளம் கற்றுக்கொண்டவள் நான். கத்தரிக்காய்க்குப் பேரம் பேச அது போதும், ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தப் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. பயிற்சி வகுப்புக்குப் பள்ளி ஒதுக்கியபோது இங்கிலீஷ் மீடியம் இடங்களை முந்தியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது வங்காள வழிப் பெண்கள் பள்ளி. கிடைத்த பாடம் காற்றழுத்தம்.

முதல் வாரத்தைப் பற்றி என்ன சொல்ல! ‘நம்மைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்றின் பாம்பு இருக்கிறது, அது நம்மை அமுக்கிக்கொண்டே இருக்கிறது’ என்று மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறேன். முன் பெஞ்சில் ஒருத்தி காலைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். ஏன் சிரிப்பென்று கேட்டு, அவளையே கரும்பலகையில் இரண்டு சொல்லையும் எழுதச் சொல்லி, வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் அழுதேன்.

அதன்பிறகு தோசை வார்க்கும்போதும் ‘ச்சாப்’, துணி காயப்போடும்போதும் ‘ச்சாப்’.

“ஏன்டி, கொசு அடிக்கிறியா, பாடம் படிக்கிறியா?” என்பார் வீட்டுக்காரர்.

“நீங்க சொல்லிக் காட்டுங்க பாப்போம்.”

“நான் எதுக்குச் சொல்லணும்? எங்க பேங்க்ல பாம்பும் இல்ல, காத்தழுத்தமும் இல்ல.”

நாளாக ஆக வகுப்பில் சிரிப்பு குறைந்தது. பிறகு நின்றே போனது. நாக்கு திருந்திவிட்டது என்று நம்பினேன்.

பரீட்சைப் பாடத்துக்கு முன்பு எங்கள் பி.எட். கல்லூரி ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எக்ஸ்டர்னல் எக்ஸாமினரா வர்றவர் பழைய ஆளு. உச்சரிப்பு வேற, கருத்துப் பிழை வேறன்னு பிரிச்சுப் பாக்க மாட்டார். பாம்புன்னு ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாலும் ஃபெயில்தான். பேசாம தலைப்பை மாத்திக்கோயேன்” என்றார். மாட்டேன் என்றேன். வீம்புதான். வீட்டுக்காரருக்கு அதற்குள் இடமாற்ற உத்தரவு வந்திருந்தது. தவறினால் திரும்ப எழுத நான் இந்த ஊரிலேயே இருக்க மாட்டேன். படித்த படிப்பு மொத்தமும் தண்ணீரில் போய்விடும். இதெல்லாம் தெரிந்தும் மாட்டேன் என்றேன்.

பரீட்சையன்று எக்ஸ்டர்னல் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளை முடி, கையில் மூடி கழற்றிய பேனா. என் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலே அட்டையை வைத்து அமுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துக் கையை எடுத்தேன். அட்டை பொத்தென்று விழுந்தது. மேஜை, லெசன் பிளான், என் புடவைக் கொசுவம் எல்லாம் தண்ணீர்.

“என்ன பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

“அட்டை விழாமல் நிற்கிறது, திதிமணி” என்றாள் முன் பெஞ்சுக்காரி. திதிமணி என்றால் அங்கே டீச்சரம்மா. பாவம், புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

“புத்தகத்துல இருக்கறதை யாரு கேட்டா? கண்ணு பார்த்ததைச் சொல்லு, காது கேட்டதைச் சொல்லு. அதுதான் சயின்ஸ்” என்று எரிந்து விழுந்தேன். பேனா ஓடும் சத்தம் பின்னாலிருந்து வந்தது. நல்லதா கெட்டதா தெரியவில்லை.

மறுபடி தம்ளரை நிரப்பினேன். இந்தத் தடவை அட்டையின் ஓரத்தை விரலால் நன்றாக அழுத்திவிட்டுக் கவிழ்த்தேன். நின்றது! ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் தம்ளரை உயரத் தூக்கிப் பிடித்து, “பார்த்தீங்களா, இதுதான் காற்றின்...” என்று சொல்லி முடித்துவிட்டேன். எக்ஸ்டர்னலின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அதைப் பார்த்துத்தான் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரிந்தது.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. எனக்காக அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

எக்ஸ்டர்னல் எழுந்து வந்தார். மூன்றாம் பெஞ்சில் சன்னலோரம் இருந்த பெண்ணைக் காட்டினார். தானாகக் கை தூக்காத பெண் அவள், கேட்டால் யோசித்துச் சரியாகச் சொல்வாள்.

“அட்டையைத் தாங்கறது எதுன்னு உங்க திதிமணி சொன்னாங்க?”

“ச்சாப், ஸார்.”

“அப்படியா? எனக்கு ஷாப்னு கேட்டுச்சே.”

“இல்ல ஸார். ச்சாப்னுதான் சொன்னாங்க.”

அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பிள்ளைகளைப் பொய் சொல்ல வைத்துப் பாஸாவதா என்று உள்ளே ஏதோ கொதித்தது. “நான் ஷாப்னுதான் சொன்னேன், ஸார். எங்க பாஷையில ரெண்டுக்கும் ஒரே எழுத்து. இந்தப் பொண்ணு என்னைக் காப்பாத்தறதுக்காக மாத்திச் சொல்றா” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “டீச்சர்னா இப்படித்தான் இருக்கணும்” என்றார். பிறகு அவளிடம் திரும்பி, “பொய் சொல்லக் கூடாதும்மா, அதுவும் சயின்ஸ் கிளாஸ்ல” என்றார். அவள் நின்றபடியே இருந்தாள். மணி அடித்தது. எனக்குள் பெருமை பொங்கியது, அதை மறைப்பானேன்.

இடைவேளையில் கை கழுவப் போனேன். குழாயடியில் அவள் முகத்தைக் கழுவிக் கழுவி அழுதுகொண்டிருந்தாள்.

“அழாதம்மா. எனக்காகத்தான் நீ சொன்னேன்னு எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“உங்களுக்காக ஒண்ணும் சொல்லல. எனக்கு ச்சாப்னுதான் கேட்டுச்சு.”

“நான்தான் ஷாப்னு...”

“நீங்க எப்பவுமே ஷாப்னுதான் சொல்றீங்க, திதிமணி! முதல் வாரம் பாம்புன்னு கேட்டுச்சு. இப்ப எங்க யாருக்கும் அப்படிக் கேக்கறதில்ல. அதான் சிரிக்கல. காது கேட்டதைச் சொல்லுன்னீங்க, சொன்னேன். நீங்க என்னைக் கேக்கவே இல்ல. இப்ப பக்கத்துல இருக்கறவ பொய்க்காரின்னு சொல்லிட்டுத் தள்ளி உக்காந்துட்டா.”

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

“ஸார்கிட்ட வந்து சொல்லட்டுமா?”

“அவர் டீ குடிச்சிட்டுப் போயிடுவார். நான் இவங்களோடதான் பத்தாங்கிளாஸ் வரைக்கும் இருக்கணும். கிளாஸ்ல சொல்லுங்க.”

எக்ஸ்டர்னல் வகுப்புக்கு அடுத்த அறையில்தான் இருந்தார், கதவும் திறந்திருந்தது. மார்க்குத் தாள் இன்னும் உறைக்குள் போகவில்லை. இத்தனை வாரமும் நான் பாம்பையே நடத்தியிருக்கிறேன் என்று வகுப்பில் சொன்னால், அது அவர் காதிலும் விழும். இடைவேளை முடியும்வரை வராந்தாவிலேயே நின்றேன். பாஸாக வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு உள்ளே போனேன். கணக்கு டீச்சர் பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அடுத்த அறைக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினேன். “நான் இத்தனை நாளும் ஷாப்னுதான் சொல்லியிருக்கேன். உங்களுக்கு அது ச்சாப்னு பழகிடுச்சு. இவ பொய் சொல்லல, தனக்குக் கேட்டதைத்தான் சொன்னா. இவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம பொய்யின்னு சொன்னது நான். தப்பு என்னோடது.”

அடுத்த அறையில் கோப்பைச் சத்தம் நின்றது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. நோட்டில் கணக்கை எழுதிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் மட்டும் நடுவிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.