மிக்ஸர் முன்னால் என் தங்கச்சி

கூடப் பிறந்த தங்கச்சி மேல் பொறாமைப்பட்டேன் என்றால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

துபாய் வேலை முடிந்து ஒரத்தநாட்டுக்குத் திரும்பி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தங்கச்சி வீட்டுக்காரர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். "வாங்க மச்சான், மிக்ஸர் பழகிக்குங்க. கல்யாணம், காதுகுத்துன்னு வேலைக்குப் பஞ்சமே இல்ல" என்றார். சரியென்று போனால், எனக்கு முன்னாலேயே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள்! பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவளும் பழகுகிறாளாம்.

இரண்டு பேருக்கும் ஒரே பாடம்தான். ஒவ்வொரு மைக்காகத் திறக்க வேண்டும், ஆளைப் பேசச் சொல்லி அளவு வைக்க வேண்டும், ஸ்பீக்கர் கூவினால் எந்த மைக்கால் என்று கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒவ்வொரு குமிழாகத் திருகித் தேடிக்கொண்டிருப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இடது பக்க மைக்குங்க" என்பாள். சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளை அவளைப் பார்த்து "அடடா!" என்பார். என் பக்கம் திரும்பி, "பரவால்ல மச்சான், வந்துரும்" என்பார். அந்தப் 'பரவால்ல'வுக்கு இரண்டு அறை விட்டிருக்கலாம்.

வீட்டில் தனியாகச் சொல்லிக் கொடுக்கிறாரோ என்று சந்தேகம். கேட்டே விட்டேன்.

"அட போண்ணே, வீட்டுக்கு வந்தா அந்த மனுசன் வாயே தொறக்க மாட்டாரு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கும்போது சொந்தக்காரர் வீட்டுக் காதணி விழா வந்தது. பாட்டுக் கச்சேரியில் என் மகள் முதல் தடவையாக மேடை ஏறுகிறாள். "எம் பொண்ணு பாடறப்ப நான்தான் மிக்ஸர்ல உக்காருவேன், வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்று மாப்பிள்ளையிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். தங்கச்சி ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. கீபோர்டும் ரிதம் பேடும் மண்டபத்தைப் பிளந்தன. மகள் வாய் அசைகிறது, குரலைக் காணோம். "பாப்பா சத்தம் வரலப்பா!" என்று சாப்பாட்டுப் பந்தியிலிருந்து ஒருவர் கத்தினார். அவள் மைக்கை ஏற்றினேன். இன்னும் வரவில்லை. இன்னும் ஏற்றினேன். வீல் என்று ஒரு கூவல்! காது குத்திய குழந்தை அதுவரை அழாமல் இருந்தது, அதுவும் வீறிட்டது. மகள் பாட்டை நிறுத்திவிட்டாள்.

"எந்திரிண்ணே" என்று வந்து நின்றாள் தங்கச்சி. மகளின் மைக்கைப் பழைய இடத்துக்கே இறக்கினாள். பிறகு கீபோர்டை இறக்கினாள், பேடை இறக்கினாள். "தலைமடையில கொஞ்சம் அடைச்சாத்தானே கடைமடைக்குத் தண்ணி வரும்?"

எரிச்சல் எனக்கு அதில்தான். எங்கள் அப்பாவின் நிலம் வாய்க்காலின் கடைசியில், கடைமடை. தலைமடைக்காரர்களிடம் மண்வெட்டியும் கையுமாகப் போய்ச் சண்டை போட்டவன் நான். வரப்பில் கால் வைக்காமல் வளர்ந்தவள் அவள். அந்தப் புத்தி அவளுக்கு வர வேண்டுமா?

அப்படியும் நான் ஸ்டூலைவிட்டு நகரவில்லை. "சரி, இனி நான் பாத்துக்கறேன்" என்றேன்.

மேடையிலிருந்து என் மகள், மைக் திறந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல், "அத்தையே பாத்துக்கட்டும்பா" என்றாள்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஒரு தடவைகூட அவள் குரல் அவ்வளவு தெளிவாக வரவில்லை.

எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை தோளைத் தொட்டு, "மச்சான், கடைசி வரிசையில போய் நின்னு கேளுங்க. கூட்டணுமா குறைக்கணுமான்னு கைய காட்டுங்க" என்றார். எங்கள் செட்டில் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற முதல் வேலை அது.

போய் நின்றேன். மகள் மறுபடி முதலிலிருந்து பாடினாள். ஒரு குறையாவது கிடைக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு சொல் விடாமல் வந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. என் பிள்ளைக்கு இப்படி ஒரு குரலா என்று கண் கலங்கியது. அதை எனக்குக் கேட்க வைத்தவள் அவள் என்று ஆத்திரமும் வந்தது.

தங்கச்சி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சரியா என்று புருவத்தை உயர்த்தினாள்.

வேறு வழியில்லை. கையைத் தூக்கி, அப்படியே இருக்கட்டும் என்று காட்டினேன்.