தூரமா?

தங்கச்சிமடத்தில் ஆஸ்லினின் வீட்டைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். முக்கியமான காரியமாகக் கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் அந்தப் பக்கம் வருவதில்லை. காலில் முள் குத்தினாலும் சரி என்று வீடுகளுக்குப் பின்னால் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் சுற்றிப் போகிறார்கள். வாசலில் அவள் நின்றால் கேட்டுவிடுவாள். எங்கே போகிறாய், எந்த வழியாகப் போகிறாய், எப்போது வருவாய். பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டாரையே நிறுத்திக் கேட்டவள் அவள். அந்தச் சம்பந்தம் முறிந்ததற்கும் பழி அவள் வாய்க்குத்தான் வந்தது. பையனின் குடிப் பழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கடலுக்குப் போகிறவனைக் கேட்டால் வலை கிழியும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவளைக் கேட்டால் நோய் தங்கும். இந்துவோ கிறிஸ்தவரோ முஸ்லிமோ, சாமி விஷயத்தில் ஆயிரம் வேறுபாடு வைத்திருக்கிற இந்தக் கரை இந்த ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறது. கேட்டே ஆக வேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்கலாம். போகிறவரும் "ஆமா, தூரந்தான்" என்பார், இல்லையென்றால் "இல்ல, பக்கத்துலதான்" என்பார். அதோடு முடிந்தது. கேட்டவருக்கும் ஒன்றும் தெரியாது, சொன்னவரும் ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு மரியாதை என்று பெயர்.

இந்த மரியாதையால்தான் ஆஸ்லினின் அய்யா செத்தார். பாம்பன்காரர் அவர். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல், நடுவில் வீடு. ஒரு நாள் காலையில் துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாகப் போனார். வழியில் பார்த்த ஆள் ஒருவர்கூட எந்தக் கடலுக்கு என்று கேட்கவில்லை. மத்தியானம் காற்று திரும்பியது. வள்ளங்கள் எல்லாம் வடகடலில் இறங்கி இருட்டும்வரை தேடின. அவர் தென்கடலில் ஒதுங்கிக் கிடந்தார். அப்போது ஆஸ்லினுக்குப் பதினாறு வயது, தம்பி பிரடெரிக்குக்கு ஐந்து. அடுத்த ஆண்டே அம்மாவும் மஞ்சள் காமாலையில் போய்விட, ஆஸ்லின் நண்டுக் கம்பெனியில் சேர்ந்து அவித்த நண்டை உடைத்துச் சதை எடுத்துத் தம்பியைப் படிக்க வைத்தாள். கல்யாணம் பேச வந்த ஜெயபாலிடம் அவள் வைத்த ஒரே நிபந்தனை, தம்பியும் கூடவே வருவான் என்பதுதான். ஜெயபால் சரி என்றான். அவன் அம்மா வியாகுலம் மட்டும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள்.

பிரடெரிக் வளர்ந்து தேனியில் சலாஹுதீன் என்பவருடைய செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே போனதும் மலைப் பித்துப் பிடித்தது. லீவு கிடைத்தால் ஏதாவது ஒரு மலையில் தனியாக ஏறி, உச்சியில் நின்று படம் எடுத்து அனுப்புவான். கூட்டமாகப் போனால் மலை பேசாது என்பான். ஆஸ்லினுக்கு அந்தப் பேச்சே எரிச்சல். ஆனாலும் படங்களைப் பார்ப்பாள். கடைசியாகக் காட்டியது அவன் இன்னும் ஏறாத ஒரு மலை, போடிக்கு மேலே. உச்சியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக ஒரு பாறை. அங்கே நின்றால் கேரளா தெரியும் என்று கூட வேலை பார்க்கும் பையன் சொன்னானாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவுக்கு வந்தவன், திங்கட்கிழமை காலையில் கிளம்பினான். வேலைக்குத்தான் திரும்புகிறான் என்று வீட்டில் நினைத்தார்கள். அவன் முதலாளியிடம் செவ்வாய்க்கிழமை வரை லீவு வாங்கியிருந்தது யாருக்கும் தெரியாது. ஜெயபால் கடலுக்குப் போகும்போது கட்டிக் கொடுக்கிற பழக்கத்தில் ஆஸ்லின் தம்பியின் பையிலும் ஒரு கேன் தண்ணீர், டார்ச் லைட், பிளாஸ்டிக்கில் சுற்றிய தீப்பெட்டி, பிஸ்கட், ஒரு பழைய கைலி எல்லாம் திணித்திருந்தாள். அவன் வாசலில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டினான். அவிழ்த்தான். மறுபடியும் கட்டினான். புது ஷூ, தடித்த அடிப்பாகம். செல்போன் கடையில் நிற்கிறவனுக்கு எதற்கு இது என்று ஆஸ்லினுக்குத் தோன்றி, எங்கே என்று வாய் திறந்தாள்.

வியாகுலம் அவள் கையில் நறுக்கென்று கிள்ளினாள். பிறகு அவனைப் பார்த்து, "தூரமாய்யா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் தூரந்தான் மாமி. போயிட்டு வாரேன்" என்று பிரடெரிக் போய்விட்டான்.

அரை மணி நேரம் கழித்துப் பின்பக்கம் போன ஆஸ்லின், துணி துவைக்கிற கல்லின் மேல் தண்ணீர் கேனும் டார்ச் லைட்டும் தீப்பெட்டியும் பிஸ்கட்டும் கைலியும் வரிசையாக இருப்பதைப் பார்த்தாள். கனமாக இருக்கிறது என்று எடுத்து வைத்திருக்கிறான். கொழுப்பைப் பார் என்று திட்டிக்கொண்டே எடுத்து உள்ளே வைத்தாள். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் கம்பெனியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது சலாஹுதீன் போன் செய்தார். தம்பி ஊரிலேயே தங்கிவிட்டானா, நேற்றே வந்திருக்க வேண்டுமே, போனும் அணைந்து கிடக்கிறதே என்று கேட்டார். ஆஸ்லினுக்குக் கண்முன் அந்தத் துவைக்கிற கல்தான் வந்தது. தேனிக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறவனுக்குப் பை கனத்தால் என்ன? நடக்கிறவனுக்குத்தான் கனக்கும். ஏறுகிறவனுக்குத்தான் கனக்கும். கையில் இருந்த நண்டோட்டை அப்படியே போட்டுவிட்டு, வெள்ளைப் பாறை இருக்கிற மலை, போடிக்கு மேலே, என்று அவரிடம் சொன்னாள். அவர் உடனே விசாரிக்கிறேன், நீயும் கிளம்பி வாம்மா என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்து, அன்று கல்லில் கிடந்த அதே சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். கண்ணும் மூக்கும் சிவந்து, நண்டு நாற்றத்தோடு, பையும் கையுமாக ஒருத்தி ஓடுகிறாள். எதிர்வீட்டு லீமாரோஸ் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. ஜெயபால் கடலில் இருந்தான், அவனிடம் போய்ச் சொல்லக்கூட ஆள் இல்லை. கேட்கமாட்டார்கள், இவர்கள் கேட்கவே மாட்டார்கள் என்று ஆஸ்லின் பாம்பன் பாலம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போடியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சலாஹுதீன் வனக்காவலர்களிடம் சொல்லி வைத்திருந்தார். விடிந்ததும் போகலாம் என்றார்கள். அவ்வளவு பக்கத்தில் மலையை அவள் அதுவரை பார்த்ததில்லை. கடல் என்றால் வடக்கு, தெற்கு என்று இரண்டுதான். இங்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னாலும் மலை. இதில் எந்த மடிப்பில் போய் விழுந்து கிடக்கிறானோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அவனைக் கண்டதும் முதலில் நாலு அறை வைக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அடிவாரத்தில் மாடு மேய்க்கிற மூக்கையாவைப் பிடித்தார்கள். பிரடெரிக்கின் படத்தைக் காட்டியதும் அவர் தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தாராம். காதில் ஏதோ மாட்டிக்கொண்டு, கையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலோடு, தனியாக ஏறினானாம்.

எந்தப் பக்கமாக ஏறினான், எதுவரை போகிறான் என்று கேட்டீர்களா என்றார் வனக்காவலர்.

"கெளம்பிப் போறவன எங்கன்னு எப்பிடிங்க கேக்குறது? தூரமா தம்பின்னேன். ஆமாண்ணே, தூரந்தான்னான்" என்றார் மூக்கையா.

ஆஸ்லினுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "இங்கனயும் அதே பேச்சா? எங்க ஊர்லதான் வாயத் தச்சுக்கிட்டு அலையிறாங்கன்னு நெனச்சேன். கேட்டா காரியம் கெடும், சரி. கேக்காம எங்கய்யா செத்தாரு, இப்ப எந்தம்பியும் சாகணுமா? தூரமா, தூரமான்னு கேட்டு வச்சுக்கிட்டு எந்தத் தூரத்தப் போயி நான் தேடுவேன்?"

மூக்கையா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாடுகளை அப்படியே விட்டுவிட்டு முன்னால் ஏறினார். நேர்ப்பாதையில் போனவன் என்றால் உச்சியில் அன்று புல் அறுத்தவர்கள் பார்த்திருப்பார்கள், பார்க்கவில்லை என்பதால் ஓடைப் பக்கம் குறுக்கே போயிருப்பான் என்றார். அவளும் பின்னால் ஏறினாள். தடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஓடை தெரியும் மேடு வரை வந்தபோது அவளுக்கு மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. அங்கே உட்கார்ந்துகொண்டு, சுற்றுவட்டாரம் எல்லாம் எதிரொலிக்க, நண்டுக் கம்பெனியில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டையால் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

மத்தியானத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். ஈரப்பாறையில் வழுக்கி ஓடைக்குள் விழுந்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து திரும்பியிருந்தது. பக்கத்தில் தண்ணீர் ஓடியதால் உயிர் இருந்தது. மூன்று ராத்திரி குளிரில் கிடந்திருக்கிறான். போன் முதல் நாளே நனைந்து செத்துவிட்டது. கம்பளியில் கட்டித் தூக்கி மேட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஆஸ்லின் அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகு அவன் தலையை மடியில் எடுத்து வைத்து, கேனின் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். பழைய கைலியை அவன்மேல் போர்த்தினாள்.

"ஷூ கயித்த ரெண்டு தடவ அவுத்துக் கட்டுனேன்க்கா. பாத்தியா? நீ கேட்டா சொல்லிருவோம்னுதான் ஒக்காந்திருந்தேன்" என்றான்.

"நீயாச் சொன்னா என்னலே?"

"கெளம்பும்போது நாமளாச் சொல்லவும் கூடாதுல்லக்கா."

ஆஸ்லின் மறுபடியும் கையை ஓங்கினாள். உடைந்த காலைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள்.

காலுக்குள் கம்பி வைத்துத் தங்கச்சிமடத்துக்குக் கூட்டி வந்த நாளிலிருந்துதான் அவள் வாசலில் நின்று கேட்க ஆரம்பித்தாள். ஜெயபாலைக் கேட்டாள், எந்தத் திசை, எவ்வளவு தொலைவு, எப்போது கரை. அவன் முதலில் நெளிந்தான், பிறகு பதில் சொல்லப் பழகிக்கொண்டான். வியாகுலம் மட்டும் இறங்கி வரவில்லை. என் மகனை நீ கடலுக்கே காவு கொடுப்பாய் என்று சிலுவை போட்டுக்கொண்டு, மருமகளிடம் பேச்சையும் நிறுத்தினாள். தெரு முழுக்கக் கிழவியின் பக்கம்தான் இருந்தது. ஆஸ்லினுக்கு அதில் வருத்தம் இல்லை, கோபம் மட்டும்தான். ஓடைக்குள் தம்பி கிடந்த கிடையைப் பார்த்தவள் அவள், இவர்கள் பார்த்தார்களா?

போன மாதம், கால் தேறித் திரும்பவும் வேலைக்குப் போயிருந்த பிரடெரிக்கின் தேனி அறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. கம்பி வைத்த காலோடு அவனால் சாமான் தூக்க முடியாது, ஜெயபாலுக்குக் கடல். ஆஸ்லினே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். பையைப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளை யாராவது கேட்பார்கள் என்று நின்று பார்த்தாள். லீமாரோஸ் மட்டும் குடத்தைப் பார்த்தபடியே, "தூரமா ஆஸ்லின்?" என்றாள்.

"தூரமில்ல. தேனி" என்றாள் ஆஸ்லின், தெருக்கோடிவரை கேட்கிற குரலில். "மதுரை வழியாப் போறேன். சலாஹுதீன் கடைக்கு எதுத்த சந்துல ரெண்டாவது வீடு. செவ்வாக்கெழம சாயங்காலம் இந்த ஸ்டாப்புல எறங்குவேன். எறங்கலைன்னா தேடுங்க. வடகடல்ல போயித் தேடாதீங்க."

குடம் நிரம்பி வழிந்தது. ஆஸ்லின் நாலடி நடந்திருப்பாள், வீட்டு வாசலிலிருந்து குரல் வந்தது. மூன்று வருடமாக அவளிடம் பேசாத குரல்.

"செவ்வாயா, புதனா? எனக்குக் காது சரியாக் கேக்கல" என்றாள் வியாகுலம்.

ஆஸ்லின் திரும்பி நின்றாள். "செவ்வாய், மாமி" என்றாள்.