ஈரக் காற்றில் அப்பளம் காயவைத்தவள்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் அப்பளம் போட்டுப் பிழைத்தவள் மாரியாயி. ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்தவள். பட்டறையில் இரும்புச் சட்டம் விழுந்து கணவன் வேலாயுதத்தின் கால் நசுங்கிய பிறகு, 1926இல், அப்பளப் பலகையைக் கையில் எடுத்தாள். அவள் ஊரில் வெயிலடித்தால் அன்று முழுக்க வெயில்தான். அதே நம்பிக்கையில் இங்கேயும் மண்டையைப் பிளக்கும் காலை வெயிலில் பாய் விரித்துவிடுவாள். மத்தியானம் இடி இடித்து எல்லாவற்றையும் கூழாக்கிவிடும்.

பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். வெயில் மட்டும் மழையைக் கொண்டுவராது, காற்றில் ஈரமும் வேண்டும். காற்று உலர்ந்த நாளிலும் மேகம் கோபுரம் போல எழும்பும். சுற்றியுள்ள உலர்ந்த காற்று உள்ளே புகுந்து அதைக் கரைத்துவிடும். வியர்வை காயாத நாளிலோ, அதே வெயிலில் மேகம் பருத்துக் கறுத்துக் கொட்டித் தீர்க்கும். ஈரத்தை அறிய மாரியாயி ஒரு சட்டியில் உப்பைத் திறந்து வைத்திருப்பாள். காலையில் உப்பு கசிந்திருந்தால் பாய் வெளியே வராது.

ஒருமுறை செந்தூலில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு அப்பளம் கேட்டார் சமையல்காரர் பழனியப்பன்.

"இது நல்லா வந்துச்சுன்னா இனிமே எல்லா விசேஷத்துக்கும் நீதாம்மா. கெட்டுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்."

கெட்டால் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறி ஊருக்கே திரும்பிவிடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு வீடும் கிடையாது, நிலமும் கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை உப்பு பொலபொலவென்று இருந்தது. மாரியாயி சந்தோஷமாகப் பாய்களை நிறைத்துவிட்டு, உளுந்து வாங்கக் கிள்ளானுக்கு ரயிலேறினாள். உப்பு உலர்ந்ததற்குக் காரணம் வானமல்ல, வேலாயுதம். அப்பள மாவுக்கு ஈர உப்பை இடிக்க அவள் கஷ்டப்படுகிறாளே என்று, விடியுமுன்பே அதை வாணலியில் வறுத்து வைத்துவிட்டான் அந்தப் புண்ணியவான்! அவளிடம் சொல்லவும் மறந்துவிட்டான்.

நான் இரவு வேலை முடித்துப் புழுக்கத்தில் புரண்டுகொண்டிருந்தேன். கண் செருகும் நேரத்தில் அலறல்.

"அண்ணே! அக்கா! யாராவது வாங்களேன்! மழை வருது!"

வேலாயுதம் யாரிடமும் உதவி கேட்காத வீம்புக்காரன். எரிச்சலோடு வெளியே வந்தேன். வானம் கறுத்துக் கிடந்தது. அவன் தரையில் தவழ்ந்தபடி ஒரு பாயை இழுத்துக்கொண்டிருந்தான். என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

குடியிருப்பே ஓடிவந்தது. பக்கத்துச் சந்தில் கடை வைத்திருந்த காத்தூன் பீவி, கல்லாவை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். பாதி காய்ந்த அப்பளத்தை அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாகப் பரப்பியாக வேண்டும். ஒரு வீடு போதவில்லை. எல்லார் வீட்டிலும் கட்டில், தரை, பெட்டி மூடி என்று பரப்பினோம். கடைசிப் பாய் உள்ளே போனதும் மழை பிடித்துக்கொண்டது.

கிள்ளானிலிருந்து திரும்பும் ரயிலில், அப்பளமெல்லாம் கூழாகியிருக்கும் என்று மழையைப் பார்த்து மாரியாயி அழுதுகொண்டே வந்திருக்கிறாள். குடியிருப்பின் முனையில் திரும்பியவள், மொத்த சனமும் வாசலில் நனைந்தபடி நிற்பதைப் பார்த்து வேலாயுதத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டாள்.

"ஏன் எல்லாரும் வெளிய நிக்கிறீங்க? அவருக்கு என்ன ஆச்சு?"

"அவருக்கு ஒண்ணும் இல்ல லா," என்றாள் காத்தூன் பீவி. "உள்ள உன் அப்பளம் படுத்திருக்கு. நாங்க எங்க போயி நிக்கிறது?"

மாரியாயி ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தாள். பிறகு மழையிலேயே நின்று, எங்களை ஒவ்வொருவராகக் கும்பிட்டாள்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டு அடுப்புகளின் பக்கத்தில் அப்பளம் காய்ந்தது. மறுநாள் செந்தூல் பந்தியில் மொறுமொறுவென்று நொறுங்கியது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் பழனியப்பன் அவளை விடவில்லை. பின்னாளில் யாராவது ஊருக்குப் போகலையா என்று கேட்டால், மாரியாயி சொல்வாள்: "எனக்காக நனைஞ்ச சனம் இங்கதானே இருக்கு. அங்க யாருகிட்ட போறது?"