சேலையூருக்காக ஒரு ஜெபம்

கணக்கு வாத்தியார் வேதசிரோமணிக்கு இருபது வருஷமாக செம்பாக்கம் கால்பந்து அணிதான் உயிர். சேலையூர் அணி வேப்பங்காய். ஆனால் லீக்கின் கடைசி ஆட்டத்தில் மாடம்பாக்கத்தைச் சேலையூர் தோற்கடித்தால்தான் செம்பாக்கத்துக்கு இரண்டாம் இடம் நிலைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, ‘சேலையூர் ஜெயிக்க வேண்டும்’ என்று சீட்டெழுதி சர்ச்சின் ஜெபப்பெட்டியில் போட்டார். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அதை அவர் பெயரோடு வாசித்துவிட்டார். பின்வரிசையில் இருந்த சேலையூர் கேப்டன் ஜோனத்தான் உருகிப்போனான்.

அன்று மாலை சேலையூர் ஜெயித்து மூன்றாம் இடத்துக்கு வந்தது. அரையிறுதியில் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும்தான் மோத வேண்டும். வாத்தியார் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஜோனத்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “சார், செமிஃபைனலுக்கும் எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க சார்.”

“பண்றேன்பா,” என்றார்.

அன்றும் பெட்டியில் ஒரு சீட்டு போட்டார். தன் பெயரை மட்டும் எழுதவில்லை.