மணிக்கூண்டிலிருந்து இறங்கிவந்த என் தம்பி

என் தம்பி ஞானசிகாமணி சங்கரன்கோவிலில் ரேடியோ மெக்கானிக். என்னைவிட நான்கு வயது இளையவன். பதினாறு வயதிலிருந்து எங்கள் ஆலயத்தில் மணியடிப்பவனும் அவன்தான். முதல் மணி எட்டுக்கு, இரண்டாம் மணி எட்டரைக்கு, மூன்றாம் மணி ஒன்பதுக்கு.

1988-இல் டிவி வாங்கினான். எங்கள் தெருவுக்கே அதுதான் முதல் டிவி. அதோடு ஆள் மாறிப்போனான். விடிந்ததும் வேதப்புத்தகத்தைத் தொடுமுன் பெட்டியைத் துடைப்பான். ஒளிபரப்பு நேரம் பார்த்துக் குடும்ப ஜெபத்தைச் சுருக்குவான். ஆனால் படம்தான் சரியாக வரவில்லை.

"என்ன வே மெக்கானிக்கு, உம்ம டிவிக்குள்ள மழையா பெய்யுது?" என்று தெருவில் கேலி செய்தார்கள். ரோஷத்தில் ஆண்டெனாவைப் பக்கத்திலிருந்த ஆலய மணிக்கூண்டில், சிலுவைக்கும் ஒரு முழம் மேலே கட்டிவிட்டான். நாலு நாளைக்கு என்று குருவானவரிடம் கேட்டு வாங்கிய அனுமதி ஆறு மாதமாக நீண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. மூன்றாம் மணி அடித்தவன் ஆராதனைக்கு உட்காராமல் ஏணியில் ஏறிவிட்டான். கீழே குருவானவர், "மௌனமாக நம் பாவங்களை அறிக்கையிடுவோம்" என்றார். ஆலயம் அமைதியானது. அப்போது உச்சியிலிருந்து தம்பியின் குரல்:

"ஏட்டி கிருபா, படம் வருதா?"

வீட்டு வாசலிலிருந்து அவன் மனைவி கத்தினாள்: "ஒரே புள்ளியா இருக்கு! இன்னும் கொஞ்சம் கிழக்க திருப்புங்க!"

"இப்ப?"

"இப்ப மூக்கு மட்டும் தெரியுது!"

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு சபையே சிரித்தது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சிரிப்பு அவனுக்கும் கேட்டிருக்கும். ஏணி இறங்குவது ஆலயத்துக்குள்ளேதான். எல்லாரும் போகும்வரை மேலேயே இருந்துவிடலாம். ரேடியோவில் தன் கை பட்டுக் கெட்டதைக்கூட ஒப்புக்கொள்ளாதவன் அவன். இன்றும் ஒளிந்துகொள்வானோ என்று முந்தானையை விலக்கி ஏணியைப் பார்த்தேன்.

ஏணி கிரீச்சிட்டது. தலையெல்லாம் புறா எச்சத்தோடு இறங்கிவந்து பிரசங்க மேடைக்கு முன்னால் முழங்காலிட்டான்.

"ஐயா, ஆறு மாசமா அந்தப் பெட்டியத்தான் கும்பிட்டிருக்கேன். ஆண்டவரும் சபையும் மன்னிக்கணும். மணிய வேற யாராவது அடிக்கட்டும். எனக்குப் பாய் விரிக்கிற வேலை போதும்."

"முதல்ல அந்தக் கம்பியக் கழத்தும் வே" என்றார் குருவானவர். மறுபடி சிரிப்பு. இந்தமுறை அவனும் சிரித்தான்.

ஆராதனை முடிந்து பதினொன்றே காலுக்கு ஆண்டெனா கீழே வந்தது. அடுத்த ஞாயிறு ஏழரைக்கே நான் ஆலயத்துக்குப் போனேன். தம்பி பெண்கள் பக்கத்தைப் பெருக்கி, பாய்களை ஓரம் ஒட்டி விரித்துக்கொண்டிருந்தான். ஒரு முனையைப் பிடிக்கக் குனிந்தேன்.

"நீ உக்காரு அக்கா. நான் விரிக்கேன்" என்றான்.