பின்னால் நீளும் கை

பதினைந்து வருடம் நானும் அரசியலில் இருந்தேன். என் பதவி, நண்பனுக்குப் பின்னால் நிற்பது. மேடையில் அவனுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். கும்பிட்ட கையோடு அதை உருவி, திரும்பிப் பார்க்காமல் பின்னால் நீட்டுவான். நான் வாங்கிக்கொள்வேன். மரக்காணத்தில் ஜன்னல்களுக்கு ஜரிகைத் திரை போட்ட வீடு என்னுடையது மட்டும்தான்.

எம்.எல்.ஏ.வாக இருந்தவன், 2004இல் எம்.பி.க்கு நின்று தோற்றான். மறு வருடம் டெல்லியில் யாரோ மனமிரங்கி, ஒரு சின்னத் தீவு நாட்டுக்கு அவனைத் தூதராக்கினார்கள். உப்பளக்காரனுக்கு நாலு பக்கமும் கடல், பொருத்தமான உத்தியோகம்தான்.

அவனுக்கு ஒரே ஒரு பயம். அந்த நாட்டு அதிபரிடம் நியமனக் கடிதத்தை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டுமாம்.

"ஏம்பா, லெட்டர் கைக்கு வந்ததும் பழக்கத்துல பின்னால நீட்டிட்டேன்னா? மானம் போயிடும்பா."

அவன் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை வைத்தோம். நான் அதிபராக எதிரில் நின்றேன். அவன் மனைவி ஒரு கவரை அவன் கையில் கொடுத்தார். அது நேரே பின்னால் போனது.

"ஏங்க, அதிபர் முன்னால நிக்கிறாரு. நீங்க ஃப்ரிட்ஜுக்குக் குடுக்கறீங்க."

பத்துத் தடவையும் ஃப்ரிட்ஜே பெற்றுக்கொண்டது.

"எல்லாம் உங்களாலதாண்ணே," என்று அவர் என் பக்கம் திரும்பினார். "பின்னாலயே நின்னு வாங்கி வாங்கிக் கெடுத்து வச்சிருக்கீங்க."

கவரை எடுத்துவிட்டு, ஒரு தட்டு நிறைய உப்பை அவன் கையில் வைத்தார். கொட்டினால் அவனே பெருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் மூன்று நாள் கூடம் பெருக்கினார். நான்காம் நாள், ஒரு கல் சிந்தாமல் தட்டு என் கைக்கு வந்தது. அதிபர் என்பதையும் மறந்து அவனைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் எல்லாம் கொட்டியது. நான் பெருக்கினேன்.

அங்கே கடிதம் ஒழுங்காகக் கை மாறியது. போட்டோ அனுப்பியிருந்தான்.

2006இல் லீவில் வந்தவனுக்குப் பெருமுக்கல்லில் பாராட்டுக் கூட்டம். பொன்னாடை விழுந்ததும் நான் பின்னாலிருந்து கையை நீட்டினேன். ஒன்றும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் அதை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். மெதுவாக இழுத்தேன். அவனும் இழுத்தான். கூட்டம் இதுவும் மரியாதையில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது.

"விடுடா," என்றேன்.

"வரமாட்டேங்குதுப்பா," என்றான், சிரித்த முகத்தோடு.

முதல் வரிசையில் அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அன்று நான் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். சமையலறை ஜன்னலுக்கு மட்டும் இன்னும் திரை இல்லை.